மடி இறங்கியதும் திணறும் இன்ஜின்

பாக் விரிகுடாவில் மடி எனும் இழுவலையை இழுக்கப் போகும் பழைய விசைப்படகு கரையில் எந்தக் குறையையும் காட்டாது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். துறையைவிட்டு வெளியேறி, மீன்பாடு உள்ள இடம் வரை போவதிலும் தொந்தரவு இருக்காது. மடி தண்ணீரில் இறங்கி, பலகைகள் விரிந்து, இழுவைக் கயிறு விறைக்கும் நேரத்தில்தான் கதை மாறும். சுற்று இறங்கும். டிரைவர் ஆக்சிலேட்டரைக் கூட்டுவார். லீவர் நகரும், சத்தம் மாறாது, புகையும் வராது. கொஞ்சம் ஓய்வு கொடுப்போம் என்று குறைத்தால் இரண்டு முறை இருமிவிட்டு நின்றே போகும். கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும்.

“நாசில் போயிருக்கும்ணே” என்பார் ஒருவர். “பம்பைக் கழற்றிக் கடைக்கு அனுப்பணும்” என்பார் இன்னொருவர். “இன்ஜின் இறங்கிருச்சு, போர் பண்ணியே ஆகணும்” என்று மூன்றாமவர் மொத்தச் செலவையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார். மூன்றில் எதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் இந்த அறிகுறிகளோடு வரும் படகுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இன்ஜினுக்கு வெளியே, சில நூறு ரூபாய்ச் சாமானில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஸ்பேனரைவிட முதலில் கொஞ்சம் கணக்கு வேண்டும்.

நடுக்கடலில் நின்ற இன்ஜின் செலவோடு முடிகிற சங்கதியும் இல்லை. இந்தக் கடலின் நடுவே 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தம் வகுத்த எல்லைக்கோடு போகிறது. நீரோட்டத்துக்கு அந்தக் கோடு தெரியாது. இன்ஜின் பழுதாகி மிதந்துபோய்க் கோட்டைத் தாண்டிய படகுகளின் செய்தி ராமேசுவரத்துக்குப் புதிதல்ல.

இங்கே நாம் பேசப்போவது லாரியில் ஓடுகிற அதே ஜாதி இன்ஜினைப் பற்றித்தான். ஆறு சிலிண்டர், ஆறு லிட்டர் கொள்ளளவு, சுமார் 100 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 1800 சுற்று, டர்போ கிடையாது. தமிழகக் கரையில் லேலண்ட் என்றால் பேருந்து மட்டுமில்லை, படகும் நினைவுக்கு வரும். டீசலை அளந்து அனுப்புவது ‘மைக்கோ பம்ப்’ என்று எல்லோரும் சொல்கிற வரிசைப் பம்ப். பாஷ் நிறுவனம் 1927இல் தொழிற்சாலையில் உற்பத்தி செய்யத் தொடங்கிய வடிவத்தின் வாரிசு அது. சென்சார் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. குறையைச் சொல்ல விளக்கு எதுவும் எரியாது. அதனாலேயே இந்த இன்ஜினை இயற்பியலை மட்டும் வைத்துக்கொண்டு விசாரிக்க முடிகிறது.

முதலில் அது எவ்வளவு குடிக்கிறது என்று பார்ப்போம். 100 குதிரைத்திறனை முழுதாகக் கொடுக்கும்போது மணிக்கு ஏறக்குறைய 20 லிட்டர் டீசல் போகும். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிகிறது. 1800 சுற்றில் ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து மணிக்கு 3,24,000 பீச்சல்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு பீச்சலுக்கு 62 கன மில்லிமீட்டர், அதாவது பெரிய சொட்டு ஒன்று. ஐட்லிங்கில் இதில் நான்கில் ஒரு பங்கு போதும். இந்தச் சொட்டைப் பம்ப் சுமார் 200 மடங்கு காற்றழுத்தத்தில் நாசிலுக்குத் தள்ளுகிறது. பம்பின் பிளஞ்சருக்கும் அது ஓடும் குழலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே.

இப்போது அந்தச் சொட்டுக்குள் ஒரு காற்றுக்குமிழி வந்தால்? 200 மடங்கு அழுத்தத்தில் டீசல் சுருங்குவது ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. காற்றோ இருநூறில் ஒரு பங்காக ஒடுங்கிவிடும். பிளஞ்சர் மேலே வருகிறது, குமிழி ஒடுங்குகிறது. பிளஞ்சர் இறங்குகிறது, குமிழி விரிகிறது. அழுத்தம் நாசில் திறக்கும் அளவை எட்டவே எட்டாது. ஐந்து மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குமிழியின் கன அளவு 65 கன மில்லிமீட்டர். ஒரு முழு வேளைச் சொட்டின் இடத்தை அது ஒன்றே அடைத்துவிடும்.

இதே குமிழி 1800 சுற்றில் வந்தால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. 600 சுற்றில் வந்தால் இன்ஜினையே நிறுத்திவிடக்கூடும். சுழலும் ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் ஆற்றல் சுற்றின் இருமடிக்கு ஏற்ப மாறும். 1800இல் இருப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான் 600இல் இருக்கிறது. ஒரு சிலிண்டர் தவறினால் அடுத்த சிலிண்டர் எரியும்வரை இன்ஜினை உருட்டிச் செல்ல அந்தச் சேமிப்புதான் உண்டு. வேகத்தில் சேமிப்பு ஏராளம், ஐட்லிங்கில் கைக்கும் வாய்க்கும்தான். ஆகவே இழுவையில் திணறுவதும் குறைத்தால் நிற்பதும் இரண்டு நோய்கள் என்று எண்ணி இரண்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். ஒரே பற்றாக்குறை இரண்டு இடத்தில் முகம் காட்டுகிறது.

அப்படியானால் துறையிலிருந்து கிளம்பியபோது ஏன் ஒன்றும் தெரியவில்லை? இந்தக் கேள்வியில்தான் பழைய டீசலின் குணமே இருக்கிறது. ஆக்சிலேட்டர் லீவர் டீசலைக் கூட்டுகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு ஸ்பிரிங்கை இறுக்கி, “இவ்வளவு சுற்று வேண்டும்” என்று கேட்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு டீசல் போடுவது என்று முடிவெடுப்பது பம்பின் முதுகில் உட்கார்ந்திருக்கும் கவர்னர். சுழலும் எடைகள், எதிரே ஸ்பிரிங். சுற்று குறைந்தால் எடைகள் உள்ளே சாயும், ஸ்பிரிங் வெல்லும், டீசல் கூடும். ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி இன்ஜினில் மாட்டிய அதே ஏற்பாடு. அதன் கணிதத்தை மேக்ஸ்வெல் 1868இல் ஒரு கட்டுரையாக எழுதினார். மின்காந்த அலைகளுக்குச் சமன்பாடு தந்தவர் இரண்டு இரும்புக் குண்டுகளுக்காகவும் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.

கவர்னர் நல்ல வேலைக்காரன். நல்ல வேலைக்காரனுக்கே உரிய கெடுதலும் அதனிடம் உண்டு. குறையை முதலாளியிடம் சொல்லாது. ஃபில்டர் பாதி அடைத்துச் சொட்டு சிறுத்தால், சுற்று இறங்குவதற்குள் கூடுதலாகத் திறந்து ஈடுகட்டிவிடும். அடைப்பு கூடக்கூட அதுவும் கூடுதலாகத் திறக்கும். கடைசி எல்லையை முட்டும்வரை டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. முட்டிய பிறகு லீவரை எவ்வளவு தள்ளினாலும் பயனில்லை.

காற்றாடி என்கிற புரொப்பெல்லரும் இந்த மறைப்புக்குத் துணைபோகிறது. ஒரு புரொப்பெல்லர் கேட்கும் திறன் சுற்றின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 1800 சுற்றில் 100 குதிரைத்திறன் கேட்டால், 900இல் அதற்கு வேண்டியது பன்னிரண்டரைதான். இன்ஜின் தன் பலத்தில் 30 சதவீதத்தை இழந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உச்சச் சுற்று 1800இலிருந்து 1600க்குத்தான் இறங்கும். “இருநூறு சுற்றுதானே” என்று விட்டுவிடுகிறவர் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இன்ஜினைத் தொலைத்திருக்கிறார். மடி இறங்கிய பிறகு படகு மெல்ல நகர்வதால் தகடுகள் தண்ணீரை இன்னும் சாய்வான கோணத்தில் வெட்ட வேண்டியிருக்கிறது. அதே சுற்றுக்குக் கூடுதல் முறுக்கு கேட்கும். அதுவரை மறைந்திருந்த கடன் அங்கேதான் வெளியே வரும்.

விசாரணையைத் தொடங்க ஒரே கேள்வி போதும். திணறும்போது புகை என்ன நிறம்?

கரும்புகை வந்தால் டீசல் போதுமான அளவு வருகிறது, எரிக்கக் காற்று போதவில்லை அல்லது சுமை அளவுக்கு மீறியது. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான இன்ஜினில் வெண்புகை தொடர்ந்தால் டீசல் எரியாமலே ஆவியாக வருகிறது, இல்லையென்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. பலம் இல்லை, புகையும் இல்லை, சைலன்சர் சுத்தமாக இருக்கிறது என்றால் இன்ஜினுக்கு டீசலே போகவில்லை. மேலே சொன்ன படகு இந்தக் கடைசி வகை. புகையே இல்லாமல் பலமிழக்கும் இன்ஜினில் ஹெட்டைக் கழற்றப் போகிறவரைத் தடுத்து நிறுத்துவது உரிமையாளரின் கடமை.

டீசல் பாதையில் கழற்றாமல் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: கேபிள். ஆக்சிலேட்டரை முழுக்கத் தள்ளும்போது பம்பில் உள்ள கை அதன் முட்டுத் திருகைத் தொடுகிறதா? ஸ்டாப் கேபிள் உப்பில் துருப்பிடித்துப் பாதியில் இழுத்தபடியே நிற்கிறதா? இரண்டு நிமிட வேலை. இதைப் பார்க்காமல் பம்பைக் கழற்றிய ஊர்கள் உண்டு.

அடுத்தது காற்று நுழைவது. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள குழாய் உறிஞ்சும் பகுதி. அதற்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே ஒரு வாஷர் தேய்ந்திருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். கசிவைத் தேடுகிற கண் ஈரத்தைத்தான் தேடும். இங்கே ஈரம் இருக்காது. இன்ஜினை நிறுத்தினாலாவது கசியாதா என்றால், அதற்கும் உறுதி இல்லை. டீசலின் பிசுக்கு காற்றைவிட நூறு மடங்குக்கு மேல். டீசல் வியர்க்கக்கூட முடியாத மயிரிழைப் பிளவு வழியாகக் காற்று தாராளமாக ஓடும். செம்பு வாஷரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய பான்ஜோ போல்ட், ஃபில்டர் கிண்ணத்தின் ரப்பர் வளையம், கிளிப் மாட்டிய இடத்தில் வெடித்த ஓஸ், இவைதான் வழக்கமான குற்றவாளிகள்.

இந்தக் கோளாறுக்கு ஓர் அடையாளம் உண்டு. டேங்க் நிறைந்திருக்கும்போது டீசல் மட்டம் பம்புக்கு மேலே இருக்கும். உறிஞ்ச வேண்டியதில்லை, காற்றும் நுழையாது. டேங்க் பாதிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் இருமல் தொடங்கும். விடியற்காலை நன்றாக ஓடி, திரும்பி வரும்போது நின்றுபோகும் படகுகளில் இதை முதலில் சந்தேகிக்கலாம்.

“ஏர் எடுத்தா சரியாயிடுதுண்ணே” என்று சொல்லிக்கொண்டே மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபில்டர் தலையில் உள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை போய்ச் சுத்தமான டீசல் வந்ததும் இறுக்குவது. பிறகு பம்பின் திருகு. தேவையானால் நாசில் யூனியன். இந்த வரிசை எல்லோருக்கும் கைவந்தது. ஆனால் ஏர் எடுத்ததும் சரியாகி, அரை மணி நேரத்தில் திரும்ப வந்தால், காற்று நுழையும் வாசல் இன்னும் திறந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி. அதைப் பழுதுநீக்கம் என்று எண்ணக் கூடாது.

இதற்கு நேர்மாறான ஒரு கோளாறு டேங்க் நிறைந்திருக்கும்போதுதான் சீக்கிரம் தாக்கும். டேங்கின் மூச்சுக்குழாய் அடைப்பு. பெயிண்ட் அடிக்கும்போது தூரிகை போகிற போக்கில் அந்தச் சின்னத் துளையையும் மூடிவிடும். இல்லையென்றால் குளவி கூடு கட்டும். டீசல் குறையக் குறைய உள்ளே வர வேண்டிய காற்று வரவில்லை. டேங்கில் 100 லிட்டர் காற்றிடம் இருந்தால், 15 லிட்டர் டீசல் செலவானதும் அந்தக் காற்று 115 லிட்டராக விரிந்து, அழுத்தம் 13 சதவீதம் குறையும். ஃபீட் பம்ப் டீசலைக் கூடுதலாக ஒன்றரை மீட்டர் உயரம் தூக்குவதற்குச் சமம் இது. முட்ட நிரப்பி 20 லிட்டர் காற்றிடம் மட்டும் இருந்தால் அதே 15 லிட்டருக்குப் பிறகு அழுத்தம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். இன்ஜின் நிற்கும். மூடி வழியாகவோ இணைப்பு வழியாகவோ காற்று மெல்லக் கசிந்து உள்ளே வந்ததும் மறுபடி ஓடும். கால் மணி நேரம் ஓய்வு கொடுத்தால் சரியாகும் இன்ஜினின் மர்மம் பல சமயம் இவ்வளவுதான். இன்ஜின் நின்றவுடன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம், ஒரு கம்பி போதும்.

ஓய்வு கொடுத்தால் சரியாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டேங்கில் மிதக்கும் துணித்துண்டோ பெயிண்ட் செதிலோ உறிஞ்சுகுழாயின் வாயில் ஒட்டிக்கொள்ளும்; இன்ஜின் நின்றதும் உறிஞ்சல் இல்லாததால் விட்டுவிடும். குழாயைப் பம்ப் பக்கம் கழற்றி டேங்கை நோக்கி ஊதினால் உள்ளே குமிழிச் சத்தம் தடையில்லாமல் கேட்க வேண்டும்.

பிறகு தண்ணீர். மீன்பிடித் தடைக்காலத்தில் டேங்க் பாதி காலியாகக் கிடந்தால் காற்றிலுள்ள ஈரம் படிந்து தண்ணீர் சேரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டால் இது அவ்வளவாகத் தேறவில்லை. 500 லிட்டர் காற்றிடம், இரவுக்கும் பகலுக்கும் 10 டிகிரி வேறுபாடு என்றால் ஒரு நாளைக்கு உள்ளே வந்துபோகும் காற்று 16 லிட்டர். கடற்கரைக் காற்றின் அவ்வளவு கன அளவில் அரை கிராமுக்கும் குறைவான ஈரமே இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும், வந்த ஈரமெல்லாம் படிந்தாலும் 25 மில்லியைத் தாண்டாது. டேங்க் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் தளத்தைக் கழுவும் ஒரு வாளித் தண்ணீரில் அதைவிட அதிகம் உள்ளே போகும். காற்றைக் குறைசொல்வதற்கு முன் மூடியைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

எப்படி வந்தாலும், கடல்நீர் டீசலைவிடக் கனமானது. டேங்கின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீரும் டீசலும் சந்திக்கும் பரப்பில் உயிர்கள் குடியேறும். ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை அதில் பெயர்பெற்றது. மண்ணெண்ணெயைத் தின்று வாழ்வது, விமான எரிபொருள் டேங்குகளையே அடைத்தது. கறுப்பாக, வழவழவென்று படியும். கடல் அமைதியாக இருக்கும்வரை அடியில் கிடக்கும். காற்று எழும்பிப் படகு உருளும்போது எல்லாம் கலங்கி ஃபில்டருக்கு வரும். இன்ஜின் எப்போதும் மோசமான கடலில்தான் நிற்கிறது என்ற புலம்பலில் மூடநம்பிக்கை ஏதுமில்லை. துறைமுக முகத்துவாரத்தில் அலை எழும்பும் நாளில் நின்றால் அதன் விலை வேறு.

இத்தனை சந்தேகங்களையும் ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டியதில்லை. பாதையை நடுவில் வெட்டிப் பார்க்கலாம். சுத்தமான கேனில் வடிகட்டிய டீசலை நிரப்பி, இன்ஜினுக்கு மேலே, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிடுவதுபோலக் கட்டி, கண்ணுக்குத் தெரியும் பிளாஸ்டிக் ஓஸ் வழியாக நேரே ஃபீட் பம்புக்குக் கொடுக்க வேண்டும். ரிட்டர்ன் குழாயையும் அதே கேனுக்குத் திருப்பிவிடலாம். படகைத் துறையில் கட்டிப்போட்டு, கியரைப் போட்டுச் சுமையோடு ஓட்டிப் பாருங்கள். சுற்று திணறாமல் ஏறினால் டேங்க், மூச்சுக்குழாய், உறிஞ்சுகுழாய், முதல் ஃபில்டர் ஆகிய நான்கில் ஒன்றுதான் குற்றவாளி. ஏறாவிட்டால் அந்த நான்கும் ஒரே அடியில் விடுதலை. நான் அறிந்தவரை செலவுக்கு இவ்வளவு பலன் தரும் சோதனை படகில் வேறு இல்லை.

கேன் வைத்தும் தேறாவிட்டால் ஃபீட் பம்பின் வால்வுகளில் தூசி இருக்கிறதா, இரண்டாவது ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன்பிறகுதான் நாசில். ஐட்லிங்கில் ஒவ்வொரு நாசில் யூனியனையும் ஒரு சுற்று தளர்த்திப் பாருங்கள். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் இன்ஜின் தடுமாறும். தளர்த்தியும் சத்தம் மாறவில்லை என்றால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலைசெய்யவில்லை. பீச்சும் டீசலுக்கு எதிரே கையை வைக்கக் கூடாது; அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

பம்பே தேய்ந்திருந்தால் அதுவும் தன் பாணியில் சொல்லும். சூடானால் டீசலின் பிசுக்கு குறைகிறது. தேய்ந்த பிளஞ்சரின் ஓரமாகக் கூடுதலாக நழுவுகிறது. காலையில் உடனே பிடிக்கும் இன்ஜின், ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால் மறுபடி பிடிக்காது. பம்பின் மேல் நனைந்த துணியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்த பிறகு பிடித்தால், பம்பைக் கடைக்கு அனுப்பத்தான் வேண்டும். சுழல்வகைப் பம்புகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கடையில் பம்பைப் பெஞ்சில் மாட்டி, ஆறு கண்ணாடிக் குழல்களில் ஆயிரம் வீச்சுக்கு எத்தனை மில்லி என்று அளந்து சரிசெய்வார்கள்.

அளக்காமலே சரிசெய்கிறவர்களும் உண்டு. பலம் குறைந்தது என்றதும் பம்பின் சீலை உடைத்து, முழுச்சுமைத் திருகைத் திருப்பி “கூட்டிவிடுவது” கரையெங்கும் நடக்கிற வைத்தியம். டீசல் பற்றாக்குறை இல்லாத இன்ஜினில் இதைச் செய்தால் கிடைப்பது கரும்புகையும் சூடும் மட்டும். வால்வு கருகும், பிஸ்டன் தலை வெந்துபோகும், டீசல் பில் ஏறும். முதல் இரண்டு நாள் இழுவை கூடியதுபோலத் தோன்றுவதால்தான் இந்த வைத்தியம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

கரும்புகை விடும் இன்ஜினில் பார்க்க வேண்டியது காற்றும் சுமையும். ஆறு லிட்டர் இன்ஜின் 1800 சுற்றில் மணிக்கு 324 கன மீட்டர் காற்றை இழுக்கும். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள அறையை ஐந்தே நிமிடத்தில் காலிசெய்கிற வேகம். படகின் இன்ஜின் அறையோ அதைவிடச் சின்னது. மழைக்கும் அலைக்கும் பயந்து காற்றுவழியில் சாக்கைத் திணித்திருப்பார்கள். உள்ளே 60 டிகிரி வெப்பம் இருந்தால், 30 டிகிரிக் காற்றோடு ஒப்பிட ஒன்பது சதவீதம் ஆக்ஸிஜன் அங்கேயே குறைந்துவிடுகிறது. திணறும் நேரத்தில் அறையின் மூடியைத் திறந்து பார்ப்பதுதான் சோதனை. சுற்று ஏறினால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. அடுத்தது சைலன்சர்: உள்தகடு கழன்று வழியை மறித்திருக்கலாம், கரி படிந்து குறுகியிருக்கலாம். மூடியைத் திறந்துவைத்து, மேனிஃபோல்டிலிருந்து இறங்கும் இணைப்பைத் தளர்த்திச் சிறிது நேரம் ஓட்டினால் தெரிந்துவிடும். அந்தப் புகையைச் சுவாசித்துக்கொண்டு அறைக்குள் நிற்கக் கூடாது.

சுமையின் பக்கம் ஆட்கள் குறைவாகவே பார்க்கிறார்கள். துறையில் கட்டிக் கிடந்த படகின் அடியிலும் காற்றாடித் தகடுகளிலும் கொட்டலசு படிந்தால் அதே சுற்றுக்கு வேண்டிய திறன் ஏறிவிடும். ஷாஃப்டில் நைலான் நூல் சுற்றிக்கொள்வதும், கிளாண்டை அளவுக்கு மீறி இறுக்கியிருப்பதும் இதே பலனைத் தரும். கியரை நியூட்ரலில் போட்டு ஷாஃப்டைக் கையால் சுற்றினால் இறுக்கம் தெரியும். இழுவைக்காகப் பெரிய காற்றாடி மாட்டிய படகுகள் தனி ரகம். அவற்றில் இன்ஜின் நோயாளியே இல்லை. தூக்க முடியாததைத் தூக்கச் சொல்லியிருக்கிறார்கள். நியூட்ரலில் முழுச் சுற்று ஏறுவதைக் காட்டி இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். சுமையில்லாத சுற்று லீவரும் கவர்னரும் வேலைசெய்வதை மட்டுமே காட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான் கம்ப்ரஷன். அதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. 17 பங்கு காற்றை ஒரு பங்காக அமுக்கும்போது அது 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. டீசல் தானாகப் பற்ற அதில் பாதி போதும். ரிங் தேய்ந்து அமுக்கம் கணிசமாகக் குறைந்த பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தேய்மானம் முதலில் ஸ்டார்ட் செய்யும்போது தெரியும்: செல்ஃப் மெதுவாகச் சுற்றும்போது காற்று நழுவ நேரம் கிடைக்கிறது, சூடு எட்டுவதில்லை. வெகு நேரம் சுற்றினால்தான் பிடிக்கும், பிடித்ததும் வெண்புகை, ஆயில் செலவு, பிரீதர் குழாயில் புகை. இவை ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து வருபவை. போன வாரம் நன்றாக ஓடி இந்த வாரம் மடி இழுக்கும்போது நிற்கிற இன்ஜினுக்கு ரிங்கைக் காரணம் சொல்வது பொருந்தாது.

ரிங்தான் என்று முடிவானால், போர் பண்ணத் தடைக்காலம் வசதியான நேரம். எப்படியும் படகு கரையேறும், அடிப்பாகம் சுரண்டப்படும், காற்றாடியும் சுத்தமாகும். அப்படித் தயாராகிக் கடலுக்கு இறங்கும் முதல் நாள் ஒரு வேலை செய்யலாம். பழைய படகுகளில் சுற்றுமானி பெரும்பாலும் வேலை செய்வதில்லை. ஷாஃப்டில் ஒரு மின்னும் பட்டையை ஒட்டிவிட்டால் கையடக்கச் சுற்றுமானி போதும். மடி இல்லாமல் முழு லீவரில் எத்தனை, மடியோடு எத்தனை என்று அளந்து, இரண்டு எண்களையும் வீல்ஹவுஸ் பலகையில் பெயிண்டால் எழுதிவைக்க வேண்டும். அதன்பிறகு எப்போதாவது மடியில்லாத அளவில் நூறு சுற்று குறைந்தால் ஃபில்டரையும் மூடியின் ரப்பரையும் மாற்றிப் பார்க்கலாம். இருநூறு குறைந்தால் டீசல் கேனைக் கட்டித் தொங்கவிடும் நேரம் வந்துவிட்டது.